தண்ணி மாத்திரை

எங்கள் வீட்டில் பிரஷர் எனக்குத்தான் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கும் என் மனைவிக்கும் ஒரே நாளில், ஒரே மேசையில், ஒரே கருவியில்தான் கண்டுபிடித்தார்கள். அவளுக்கு என்னைவிட அதிகம். ஆனால் சத்தம் போட்டது நான்.

இப்போது அவள் உள்ளறைக் கட்டிலில் இருக்கிறாள். வலது கையும் வலது காலும் அவள் சொல்வதைக் கேட்பதில்லை. பேச்சும் போய்விட்டது. தினமும் காலையில் மாத்திரைகளை ஒவ்வொன்றாக அவள் வாயில் போடுகிறேன், விழுங்குகிறாள். கடைசியாக ஒரு சின்ன வெள்ளை மாத்திரை இருக்கிறது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அதைக் கொண்டுபோனால் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். இன்னொரு தடவை பக்கவாதம் வந்தால் உடம்பு தாங்காது, எந்த மாத்திரையையும் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள் உதடு ஏன் திறக்கமாட்டேன் என்றது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் கோமாளித்தனத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூட வராந்தாவில் இலவச முகாம் போட்டிருந்தார்கள். இலவசம் என்றால் நான் விடமாட்டேன். அவளையும் இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். என் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, இறக்கி, நர்ஸம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"நூத்தி அறுபது இருக்குதுங்க."

"மொத்தம் எவ்வளவுக்குங்க?"

"இது பரீட்சை இல்லீங்க. இவ்வளவு இருக்கக்கூடாது."

நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "சிஸ்டர், இப்ப நான் வீட்டுக்கு எப்படிப் போறது? நடக்கலாமா, ஆட்டோ சொல்லணுமா?"

"வந்தது எதுல?"

"சைக்கிள்ல."

"அப்ப சைக்கிள்லயே போங்க."

வரிசையே சிரித்தது. நான் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டேன். அடித்துக்கொண்டுதான் இருந்தது. பக்கத்து நாற்காலியில் என் மனைவிக்குப் பார்த்தார்கள். நூற்றுத் தொண்ணூறு. அவள் "சரிங்க" என்றாள். பால்காரர் இன்றைக்குப் பால் இல்லை என்று சொன்னால் எப்படிச் சொல்லுவாளோ அப்படி.

நர்ஸம்மா அவளிடம் பொறுமையாகச் சொன்னார். "இது தண்ணி மாத்திரைம்மா. உடம்புல தேங்கியிருக்கிற உப்பையும் தண்ணியையும் வெளிய தள்ளும். அடிக்கடி ஒண்ணுக்குப் போகும். அதுக்குப் பயந்துக்காத. தினமும் காலைல ஒண்ணு. விடக்கூடாது."

எனக்குக் கொடுத்தது வேறு மாத்திரை. அவளுக்குச் சொன்னது என் ஒரு காதில் விழுந்தது. இன்னொரு காது என் நாடித்துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் ரத்த அழுத்தத்தின் ராஜ்ஜியம். பெரிய முதலியார்சாவடியில் கட்டிக்கொடுத்த மகள், அளக்கும் மிஷின் ஒன்று வாங்கிவந்து கொடுத்தாள். எப்படி அளப்பது என்றும் சொல்லிக்கொடுத்தாள். அரை மணி நேரம் முன்னாடி டீ, காபி கூடாது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் இருக்க வேண்டும், பேசக்கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருவது என் பிறவியில் நடந்ததில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்த கையோடு பட்டையைச் சுற்றுவேன். எண் ஏறியிருக்கும். பயந்துபோய் இன்னொரு முறை அளப்பேன். இன்னும் ஏறியிருக்கும். ஒரு காலைப்பொழுதில் பதினொரு முறை அளந்திருக்கிறேன்.

"யோவ், அந்த மிசினுக்கே பிரஷர் வந்துடப்போவுது. விடுய்யா" என்பாள் அவள். வெளியாட்கள் முன்னால் நான் 'ஏங்க'. வீட்டுக்குள் நான் 'யோவ்'.

மாத்திரையை ஆரம்பித்த புதிதில் ஒருநாள் மத்தியானத் தூக்கத்தில் இருந்தேன். லாரி ஹாரன் கேட்டது. விருட்டென்று எழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரில் இருந்த மாதா படம் போட்ட காலண்டரைப் பிடித்தேன். காலண்டரும் நானும் சேர்ந்தே விழுந்தோம். இந்த மாத்திரை போடுகிறவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழக்கூடாது என்று நர்ஸம்மா சொன்னதை நான் மறந்திருந்தேன், அவள் மறக்கவில்லை. அதன்பிறகு நான் எப்போது படுத்து எழுந்தாலும் அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"உக்காரு. ஒரு நிமிஷம் உக்காரு. அப்பறமா எந்திரி."

எனக்கு முட்டிவலி உண்டு. மருந்துக்கடையில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்களே என்று வலி மாத்திரை வாங்கி ஒரு வாரம் போட்டேன். கால் வீங்கியது, பிரஷரும் ஏறியது. டாக்டர் திட்டினார். பிரஷர்காரன் தன் இஷ்டத்துக்கு வலி மாத்திரை போடக்கூடாதாம், சிறுநீரகத்துக்கும் ஆகாதாம். அடுத்தாற்போல் கடைக்காரர் ஒரு பாக்கெட்டை நீட்டி, "இது பிரஷர்காரங்க உப்பு" என்றார். அதையும் வாங்கி வந்தேன். அதில் வேறொரு உப்புச் சத்து கலந்திருக்கிறது, என்னைக் கேட்காமல் உங்கள் மாத்திரையோடு அதைச் சேர்க்காதீர்கள் என்று அதற்கும் டாக்டரிடம் திட்டு. இதையெல்லாம் கற்றுக்கொண்டு நான் தெருவுக்கே பிரசங்கம் செய்ய ஆரம்பித்தேன். அப்பளம் கூடாது, ஊறுகாய் கூடாது, மிக்சர் கூடாது, பேக்கரி பன்னில்கூட உப்பு இருக்கிறது என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சொன்னேன்.

வீட்டில் இரண்டு சட்டி. எனக்கென்று உப்புக் குறைத்த குழம்பு தனி. உப்பளத்து மேஸ்திரி உப்பில்லாமல் சாப்பிடுகிறான் என்று ஊரில் எல்லோரும் ஒரே ஜோக்கைச் சொன்னார்கள். சுமாரான ஜோக்தான். அதைவிட நல்லதாக நானே சொல்லுவேன்.

காலை ஐந்தரைக்குக் கைபேசியில் அலாரம் வைத்திருந்தேன், மாத்திரை நேரம். ஒருநாளும் தவறியதில்லை. அலாரம் அடித்ததும் அவள்தான் தண்ணீர் டம்ளரைக் கொண்டுவந்து நீட்டுவாள். நான் கண்ணை மூடி, சிலுவை போட்டுக்கொண்டு விழுங்குவேன். அவளுடைய மாத்திரையை அவள் எப்போது விழுங்கினாள்? தெரியாது. பார்த்ததில்லை. பார்க்கத் தோன்றியதும் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே உப்பளத்தில்தான் வேலை பார்த்தோம். நான் மேஸ்திரி. ஆட்களை மேய்ப்பது என் வேலை. பாத்தியில் விளைந்த உப்பை ஆண்கள் பலகையால் இழுத்து வரப்போரம் சேர்ப்பார்கள், பெண்கள் சட்டியில் அள்ளித் தலையில் சுமந்துபோய் மேட்டில் கொட்டுவார்கள். என் மனைவி சட்டி சுமப்பவள். அவ்வளவு பேரையும் வெயிலில் வேலை வாங்குவதற்கு என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் வாய். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பேன். சிரிக்கிறவர்களுக்குச் சுமை தெரியாது என்று நம்பினேன்.

உப்பளம் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தட்டையாக இருக்கும். இந்த மூலையில் நின்று பார்த்தால், அந்த மூலையில் நிற்கிற கொக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லிவிடலாம். மரம் கிடையாது, புதர் கிடையாது, ஒரு சுவர் கிடையாது. ஆண்கள் திரும்பி நின்றால் போதும், வேலை முடிந்தது. பெண்கள் கால்வாய்ப் பலகையைத் தாண்டி, அந்தப் பக்கம் இருக்கிற கருவேலங்காட்டுக்குப் போகவேண்டும். போய்வரக் கால் மணி நேரம் ஆகும். போகிறவள் போவதும் வருவதும் மொத்த உப்பளத்துக்கும் தெரியும். இத்தனை வருடம் மேஸ்திரியாக இருந்தும் அது எனக்கு ஒரு விஷயமாகவே பட்டதில்லை.

அவள் மாத்திரை ஆரம்பித்தது தை மாதத்தில், உப்பு வாருதல் தொடங்கிய சமயம். முதல் வாரத்திலேயே ஒருநாள், காலை ஒன்பது மணிக்குள் இரண்டு முறை அவள் சட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கருவேலங்காட்டுக்குப் போய்வந்தாள். மூன்றாவது முறை இறக்கிவைத்தபோது நான் மேட்டின்மேல் குடையோடு நின்றுகொண்டிருந்தேன். லோடு ஏற்ற வந்த லாரிக்காரர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். ஆள் கூட்டம் இருந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏம்மா!" என்று உப்பளம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன். "பாத்திக்குத் தண்ணி நீயே பாய்ச்சிடுவ போலக்குதே! ஓனர்கிட்டச் சொல்லி மோட்டார நிறுத்திடச் சொல்லட்டுமா?"

நல்ல ஜோக். சந்தேகமே வேண்டாம். லாரிக்காரர்கள் வண்டியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பலகை இழுத்தவர்கள் நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள். அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு குனிந்து, சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். போகவில்லை.

அன்றைக்கு வேலை முடிகிறவரை போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அதன்பிறகு போகவே இல்லை. பத்து நாளைக்கு அவளை எல்லோரும் "மோட்டார் அக்கா" என்று கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன். அவள் காட்டுக்குப் போகாததை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன். மகளிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்: "உங்கம்மாவுக்கு மாத்திரை உடம்புக்கு செட் ஆயிடுச்சி. எனக்குத்தான் இன்னும் ஆகல."

கோடையில் அவளுக்கு எண் ஏறியது. வீட்டுக்கு மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற சுகாதாரத் தொண்டரம்மா அளந்துவிட்டு, "இன்னாக்கா இது, மாத்திரை போட்டும் இறங்கவே இல்லயே? உப்பு அதிகமா சேத்துக்கறியா?" என்றார். ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்து உப்பளத்தை மூடியபோது இறங்கியது. திரும்பவும் தை பிறந்து வேலை ஆரம்பித்ததும் ஏறியது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது என்று எவனுக்கும் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரே எதிரி உப்புதான். நான்தான் பிரசங்கியாயிற்றே.

சித்திரையில் தொண்டரம்மா மறுபடி அளந்து அதையே கேட்டதும் அடுப்படியில் சோதனை போட்டேன். பரணில் ஒரு டப்பாவில் ஒரு பிடி நெத்திலிக் கருவாடு இருந்தது. தொண்டரம்மா முன்னாலேயே அதைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினேன்.

"பாருங்க மேடம்! நான் பச்சத் தண்ணி மாதிரி குழம்பு குடிச்சிக்கினு இருக்கேன். இவ எனக்குத் தெரியாம கருவாடு திங்கறா. இன்னா, திங்கறியா இல்லியா? சொல்லு!"

அவள் அந்த நெத்திலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ஆமாங்க. சாப்ட்டேன். இனிமே சாப்புட மாட்டேன்" என்றாள்.

அந்தக் கருவாடு மகளுக்காக எடுத்துவைத்தது. மகள் பிறகு சொல்லித்தான் தெரியும். செய்யாத தப்பை ஒப்புக்கொள்வது அவளுக்கு அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது. செய்த காரியத்தைச் சொல்வதுதான் அவளால் முடியாமல் இருந்தது.

அது நடந்து இரண்டு மாதம் இருக்கும், ஆனி வெயில். பத்து மணி. மேட்டுக்குக் கீழே சட்டியை இறக்கிவைத்துவிட்டு அவள் வரப்பில் உட்கார்ந்தாள். உட்காருகிற ஆள் இல்லை அவள். நான் என்னவோ என்று வேகமாக இறங்கிப் போனேன். அருகில் போனதும் தெரிந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். எச்சில்தான் வழிந்தது.

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. கை தானாக நெஞ்சுக்குப் போனது. கால் மடங்கி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அதைப் பார்த்த மொத்த உப்பளமும் ஓடிவந்தது. என்னிடம். பிரஷர்காரன் என்று பெயர் வாங்கியிருந்தது நான் அல்லவா? "மேஸ்திரிக்கு நெஞ்சு வலி! மேஸ்திரிக்கு நெஞ்சு வலி!" என்று கத்தினார்கள். ஒருவர் என் சட்டைப் பொத்தானைக் கழற்றினார், ஒருவர் துண்டால் விசிறினார், ஒருவர் என் தலையில் தண்ணீர் ஊற்றினார். நான் "அவளப் பாருங்க, அவள" என்கிறேன். குரல் வெளியே வரவில்லை. இரண்டு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் பத்தடி போயேவிட்டார்கள். அந்த நேரம் முழுக்க அவள் வரப்பில் தனியாக உட்கார்ந்து, கோணிய வாயோடு, எனக்கு என்ன ஆயிற்றோ என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளோடு சட்டி சுமக்கிற ஒருத்திதான் முதலில் திரும்பிப் பார்த்துக் கூச்சல் போட்டாள்.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி. மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். டாக்டர் என்னைக் கேட்டார், "மாத்திரை தினமும் போட்டாங்களா?"

"ஒருநாளும் தவறினதில்ல டாக்டர். அஞ்சரைக்கு அலாரம்."

"நான் உங்களக் கேக்கல. அவங்க போட்டாங்களா?"

 அலாரத்தைக் காட்ட எடுத்த கைபேசியைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டேன்.

துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது பீரோவில் அவள் புடவைகளுக்கு அடியில் கையில் ஏதோ தட்டுப்பட்டது. அட்டை அட்டையாகத் தண்ணி மாத்திரை, ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு அட்டையிலும் ஒன்றோ இரண்டோதான் பிரிக்கப்பட்டிருந்தது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. தூக்கி எறிய அவளுக்கு மனம் வரவில்லை. அரசாங்கம் கொடுத்த பொருள் வீணாகக்கூடாது என்று நினைக்கிறவள்.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குக் கூச்சல் போட்டவள் விசாரிக்க வந்தாள். அட்டையைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாதாண்ணே? ஞாயித்துக்கிழம பூசைக்குப் போயிட்டு வந்து போட்டுக்கும் அக்கா. வேலையில்லாத நாள்ல போட்டுக்கும். மழ மாசத்துல தெனமும் போட்டுக்கும்."

"மத்த நாள்ல?"

அவள் தரையைப் பார்த்தாள். "போட்டா எங்கண்ணே போறது? நாங்க யாருமே உப்பளத்துல தண்ணி குடிக்கறதில்ல. காலைல ஒரு வாய் குடிச்சா, மத்தியானம் வீட்டுக்கு வந்துதான். அக்கா மட்டும் அந்த மாத்திரைக்காவ ஒரு வாரம் போயிப் பாத்துது. நீங்க அன்னிக்குக் கத்தினதுக்கு அப்பறம்..." நிறுத்தினாள். "நாங்களும் சிரிச்சோம்ண்ணே. தப்புதான்."

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல அவ?"

"உங்ககிட்டச் சொன்னா அதையும் ஜோக்கா சொல்லுவீங்களேண்ணே."

அவள் வைய வேண்டும் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள். பிறகு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த முறை டாக்டரிடம் அட்டைகளைக் காட்டி, உப்பளத்தில் ஒண்ணுக்குப் போக மறைவு இல்லாததைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதுக்காகவா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேலை முடிஞ்சி வந்து மத்தியானமா போட்டுக்கச் சொல்லியிருப்பேனே. இல்லன்னா வேற மாத்திரையே மாத்திக் கொடுத்திருப்பேனே. மாத்திரை ஒத்துக்கலன்னா நிறுத்தறதுக்கு முன்னாடி எங்ககிட்ட வந்து சொல்லணும்ங்க. எதுவா இருந்தாலும். வெக்கப்பட என்ன இருக்குது?"

வெட்கப்பட என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை.

பாவத்தை ஒப்புக்கொள்ள, கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முட்டியில் வலியோடு மண்டியிட்டு, ஒன்று விடாமல் சொன்னேன். ஜோக்கை அப்படியே, அதே வார்த்தைகளில் சொன்னேன். சொல்லும்போது நடுவில் எனக்குள்ளிருந்த ஜோக் வியாதிக்காரன், அவருக்குச் சிரிப்பு வருகிறதா என்று நடுவில் இருந்த சல்லடைத் தட்டியின் துளை வழியாகப் பார்த்தான். அப்படி ஒரு பிறவி நான். அவர் சிரிக்கவில்லை. "இது அறியாமல் நடந்தது. இது பாவத்தில் சேராதுப்பா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். பாவம் என்று சொல்லியிருந்தால் மன்னிப்பையும் கையோடு வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

உப்பளத்தின் நடுவரப்பில் நாலு சவுக்குக் கம்பு நட்டு, சுற்றிலும் தகரம் அடித்து, பெண்களுக்கு ஒரு மறைப்பு கட்டினேன். "இத்தன வருசமா இல்லாதது இப்ப எதுக்குய்யா?" என்றார் ஓனர். அவருக்கு ஏற்ற பதில் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். உப்புக்காற்றில் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்தால் மாற்றுவேன். இப்போது வேலைக்கு லீவு போட்டிருக்கிறேன்; எப்போதாவது உப்பளத்துப் பக்கம் போனால், பெண்கள் போகும்போதும் வரும்போதும் என் பக்கம் பார்ப்பதில்லை. நானும் வேறு பக்கம் பார்க்கிறேன்.

இனி அந்த உதட்டுக்கு வருகிறேன்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம். வீட்டில்தானே இருக்கிறார், இப்போதைக்கு இது அவசியம் என்று டாக்டர் புதுச் சீட்டிலும் தண்ணி மாத்திரையை எழுதியிருந்தார், மற்றவற்றோடு சேர்த்து. அதை மட்டும் தள்ளினாள். தேனில் குழைத்தேன், துப்பினாள். மகள் கெஞ்சினாள். தண்ணீரைக்கூடக் குறைத்துக்கொண்டாள். எனக்குக் காரணம் தெரியும். எங்கள் வீட்டில் கழிப்பறை கொல்லையில், கட்டிலிலிருந்து இருபதடி. மாத்திரை போட்டால் அவள் அடிக்கடி போகவேண்டும். அழைத்துப்போகப் பகலில் இருப்பது நான் ஒருவன்தான். யார் முன்னால் போகப் பயந்து மாத்திரையை நிறுத்தினாளோ, அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது போகவேண்டும்.

நேற்றுக் காலை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வழக்கமாக முகத்தை அஷ்டகோணலாக்கி ஏதாவது செய்து காட்டுவேன். அவள் இடது உதடு மட்டும் கொஞ்சம் அசையும். நேற்று எதுவும் செய்யவில்லை.

"அன்னிக்கு மேட்டுமேல நின்னு நான் கத்தினேன். லாரிக்காரங்க முன்னால" என்றேன்.

அவள் சுவரைப் பார்த்தாள்.

"அதுக்கப்பறம் நீ போவல. மாத்திரையும் போடல. பீரோவுல எல்லாத்தையும் பாத்துட்டேன். கருவாடும் நீ திங்கலன்னு தெரியும்."  எப்போதும் ஏதாவது ஒரு ஜோக் வருமே, வரவில்லை. "நான்தான்" என்றேன். "நான்தான்."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. இடது கண்ணிலிருந்தா வலது கண்ணிலிருந்தா என்று நான் பார்க்கவில்லை. அவள் கையைத் தூக்கி என்னைத் தடவிக்கொடுத்தாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. ரொம்ப நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் மீன்காரம்மா குரல் கொடுத்துக்கொண்டு போனார். கையில் இருந்த மாத்திரை வியர்வையில் நசநசத்தது.

பிறகு வாயைத் திறந்தாள்.

அரை மணி நேரம் கழித்து அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து ஒரு சத்தம். குழந்தை அழப்போகிற மாதிரி, காற்றுப் பாதி, எழுத்துப் பாதி.

"யோ..."

ஓடினேன். "யோ...வ்" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவள் சொன்ன முதல் சொல். இடது கையைக் கொல்லைப் பக்கம் காட்டினாள்.

தோளைக் கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தேன். எழுந்து நிற்கப் பார்த்தாள். "உக்காரு" என்றேன். "ஒரு நிமிஷம் உக்காரு. அப்பறமா எந்திரி." கட்டில் விளிம்பில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பிறகு இருபதடி போனோம். விழுந்தால் பிடிக்கவேண்டுமே என்று கழிப்பறைக் கதவைச் சாத்தவில்லை, எதிரே பக்கத்து வீட்டு மாடி. கட்டில் விரிப்பை உருவிக்கொண்டு வந்து நானே பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்றேன்.

ஒன்பது மணிக்குள் இன்னொரு முறை கூப்பிட்டாள். பத்து மணிக்கு மூன்றாவது முறை.

மூன்றாவது முறை கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தபோது என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மேட்டின்மேல் நான் கத்தியதும் மூன்றாவது முறைக்குத்தான்; எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிடம் ஆகும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

"மெதுவா" என்றேன். அவள் இடது கையை என் தோளில் போட்டாள். எழுந்தோம்.